சி.ஆர்.பி. ரிப்போர்ட்: கையில் வாங்கியதும் கேட்கும் கேள்விகள்

நான் வேலை பார்ப்பது ஒரு சிறிய ஊரின் ரத்தப் பரிசோதனை லேபில். ரத்தம் எடுப்பதும் பரிசோதிப்பதும் ரிப்போர்ட் கொடுப்பதும் எங்கள் கையில்தான். கொரோனா பரவிய 2020, 2021-ல் டி-டைமர், ஃபெரிட்டின் ஆகிய ரத்தப் பரிசோதனைகளோடு சி.ஆர்.பி.யும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிவிட்டது. மற்ற இரண்டையும் இப்போது யாரும் கேட்பதில்லை. சி.ஆர்.பி. மட்டும் சாதாரணக் காய்ச்சலுக்கும் எழுதப்படுகிறது. அதைப் பற்றிய சந்தேகங்களும் நாள்தோறும் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். ரிப்போர்ட்டைப் புரிந்துகொண்டு அவரிடம் போவதற்குத்தான் இது. வேறு மாதிரி சொல்லாத இடத்தில் எல்லா சி.ஆர்.பி. அளவும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

சி.ஆர்.பி.ன்னா என்னம்மா? சர்க்கரை, உப்பு மாதிரி ஒண்ணா?

சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்பதன் சுருக்கம், ஒரு புரதம். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. உடம்பில் எங்காவது கிருமி புகுந்தாலும், அடிபட்டாலும், உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் மூட்டையோ குடலையோ தாக்கினாலும், அந்த இடத்திலிருந்து இன்டர்லூகின்-6 என்ற பொருள் ரத்தத்தில் கலக்கிறது. அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் சி.ஆர்.பி. உற்பத்தி கூடுகிறது. நல்ல நாளில் 1, 2 என்று இருப்பது சில நூறு வரைகூட ஏறும். 1930-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதை முதன்முதலாகக் கண்டார்கள்.

வாசலில் நாய் குரைத்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும். வந்தது திருடனா, தபால்காரரா என்று குரைப்பை வைத்துச் சொல்ல முடியாது. சி.ஆர்.பி. சொல்வதும் அவ்வளவுதான்: எங்கோ அழற்சி, அதாவது கிருமிக்கோ காயத்துக்கோ உடம்பு காட்டும் எதிர்வினை, இருக்கிறது. எங்கே, எதனால் என்பதை டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்த்தும் மற்றப் பரிசோதனைகளை வைத்தும்தான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு இருந்தா நார்மல்?

பெரும்பாலான லேப்களில் 5-க்குக் கீழே. சில இடங்களில் 6 என்றும் சில இடங்களில் 10 என்றும் போட்டிருப்பார்கள். பயன்படுத்தும் முறையைப் பொறுத்து இது மாறும். அதனால் உங்கள் ரிப்போர்ட்டிலேயே எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரம்போடு மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ரிப்போர்ட்டின் வரம்பு உங்களுக்கு உதவாது.

வெறும் வயித்துல வரணுமா?

வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வரலாம், எந்த நேரத்திலும் வரலாம். கூடவே சர்க்கரையோ கொழுப்போ பார்க்கச் சொல்லியிருந்தால் அதற்காக வெறும் வயிறு தேவைப்படலாம்.

என் ரிப்போர்ட்ல நம்பரே இல்ல, 'பாசிட்டிவ்'னு மட்டும் போட்டிருக்கு. அப்போ எனக்கு அந்த நோய் இருக்கா?

'அந்த நோய்' என்று ஒன்று கிடையாது. எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பரிசோதனைகளில் வரும் பாசிட்டிவ் வேறு, இது வேறு. இங்கே பாசிட்டிவ் என்றால் உங்கள் சி.ஆர்.பி. ஏறத்தாழ 6-ஐத் தாண்டியிருக்கிறது என்று மட்டும் அர்த்தம். 7 இருந்தாலும் பாசிட்டிவ்தான், 200 இருந்தாலும் பாசிட்டிவ்தான்.

சின்ன லேப்களில் இதைச் செய்யும் முறை இப்படி. கறுப்பு வட்டம் போட்ட ஒரு ஸ்லைடில் உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு. பக்கத்தில் பால் நிறத்தில் லேட்டக்ஸ் கரைசல் ஒரு சொட்டு. இரண்டையும் குச்சியால் கலந்து, வட்டம் முழுக்கப் பரப்பி, ஸ்லைடைக் கையில் வைத்து இரண்டு நிமிஷம் மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவோம். சி.ஆர்.பி. இருந்தால் பால் திரிந்து கறுப்புப் பின்னணியில் வெள்ளை மணல் மணலாகத் தெரியும். இல்லையென்றால் கலங்கலாகவே இருக்கும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் விட்டுப் பார்த்தால் ஓரம் காய்ந்து மணல் போலத் தோன்றி ஏமாற்றும்; கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சி.ஆர்.பி. மிக மிக அதிகமாக இருந்தால் சில சமயம் மணலே திரளாமல் நெகட்டிவ் போலக் காட்டும். ஆள் நெருப்பாகக் கொதிக்கும்போது ரிப்போர்ட் நெகட்டிவ் என்றால் சீரத்தை நீர்க்கச் செய்து திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டு மடங்கு நீர்த்தும் திரிந்தால் சுமார் 12, நான்கு மடங்குக்கு 24, எட்டுக்கு 48 என்று தோராயமாகச் சொல்லலாம். சிகிச்சையில் ஏற்ற இறக்கம் பார்க்க வேண்டியிருந்தால், மெஷினில் எண்ணாக வரும் 'குவான்டிடேட்டிவ்' சி.ஆர்.பி. கேட்டு வாங்குங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் பயன்படும்.

போன வாரம் வேற லேப்ல 2.4, இங்க 24னு வந்திருக்கு. பத்து மடங்கு ஏறிடுச்சா?

அளவு அலகைப் பாருங்கள். ஒரு லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று தரும், இன்னொன்று டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று தரும். டெசிலிட்டர் கணக்கில் 2.4 என்பது லிட்டர் கணக்கில் 24. இரண்டும் ஒரே அளவு. இந்தக் குழப்பத்தில் அழுதுகொண்டே வந்தவர்கள் உண்டு, அதைவிடக் கவலையாக, டெசிலிட்டரில் வந்த 9-ஐப் பார்த்து 'கொஞ்சம்தான்' என்று வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. அது உண்மையில் 90. எண்ணைப் போனில் டாக்டருக்குச் சொல்லும்போது அலகையும் சேர்த்தே சொல்லுங்கள். முடிந்தால் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

18னு வந்திருக்கு, பயப்படணுமா? எத்தனைக்கு மேல ஆபத்து?

18 என்பது ஒரு சளிக்காய்ச்சலுக்கும் வரும், பல் ஈறு வீங்கினாலும் வரும், ஆரம்ப நிலையில் இருக்கும் நிமோனியாவிலும் வரும். பொதுவாக 10-லிருந்து 40 வரை லேசான அழற்சி, வைரஸ் காய்ச்சல்கள். 40-லிருந்து 200 வரை பாக்டீரியா தொற்று, தீவிர அழற்சி. 200-க்கு மேல் பெரும்பாலும் கடுமையான பாக்டீரியா தொற்று, பெரிய தீக்காயம் போன்றவை. இது தோராயமான பிரிவு. கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

எண்ணைவிட ஆளைப் பார்ப்பதுதான் முக்கியம். 18 இருந்து மூச்சு வாங்குகிறவர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 60 இருந்து நன்றாகச் சாப்பிட்டு நடமாடுகிறவர் மாலை டாக்டரைப் பார்க்கலாம்.

கூடுதலா இருந்தா பாக்டீரியா, கம்மியா இருந்தா வைரஸ்னு சொல்றாங்களே, அப்போ ரிப்போர்ட்டை மெடிக்கல்ல காட்டி ஆன்டிபயாடிக் வாங்கிக்கலாமா?

வாங்காதீர்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ஃப்ளூவும் அடினோ வைரஸும் கொரோனாவும் சி.ஆர்.பி.யை 100-க்கு மேல் கொண்டுபோகும். காசநோயில் அது கொஞ்சமாகவே ஏறி நிற்கலாம். முதல் பதிலில் சொன்னதுதான்: யார் வந்திருக்கிறார் என்று இது சொல்லாது.

நம் பக்கம் மழைக்காலத்திலும் அதற்கடுத்த குளிர் மாதங்களிலும் வரும் உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். சி.ஆர்.பி. நன்றாக ஏறும். 'பாக்டீரியா' என்று நினைத்து மெடிக்கலில் கொடுக்கும் அமாக்சிசிலின் அதற்கு வேலை செய்யாது. டாக்சிசைக்ளின் போன்ற வேறு மருந்து வேண்டும். அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்புக்கு அடியிலோ வலிக்காத ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் டாக்டர்தான் அதைப் பிடிப்பார். டெங்குவிலோ சி.ஆர்.பி. பல சமயம் பெரிதாக ஏறாது. 'சி.ஆர்.பி. கம்மிதான்' என்று வீட்டில் படுத்திருக்க, தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஆன்டிபயாடிக் முடிவுக்கு இந்த எண்ணை ஒழுங்காகப் பயன்படுத்தும் வழியும் இருக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-ல் வெளியிட்ட நிமோனியா வழிகாட்டுதலில், டாக்டர் பரிசோதித்தும் நிமோனியாவா இல்லையா என்று தெளிவாகாத பெரியவர்களுக்கு சி.ஆர்.பி. பார்க்கலாம் என்றது: 20-க்குக் கீழே என்றால் வழக்கமாக ஆன்டிபயாடிக் வேண்டாம், 20 முதல் 100 வரை என்றால் சீட்டு எழுதிக் கொடுத்து, மோசமானால் மட்டும் வாங்கச் சொல்லலாம், 100-க்கு மேல் என்றால் கொடுக்கலாம். கவனியுங்கள், முதலில் பரிசோதனை, பிறகுதான் எண்.

காய்ச்சல் வந்த அன்னிக்கே எடுத்தோம், 4தான் இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு 96. முதல் டெஸ்ட் தப்பா?

இரண்டும் சரியாகவே இருக்கலாம். அழற்சி தொடங்கி நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் சி.ஆர்.பி. ஏறத் தொடங்குகிறது. அதன்பிறகு சுமார் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, 36-லிருந்து 50 மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போகிறது. காலையில் குளிர் எடுத்து, பதினோரு மணிக்கு ரத்தம் கொடுத்தால் எவ்வளவு பெரிய தொற்றாக இருந்தாலும் நார்மல் வரலாம்.

என்னைக் கேட்டால் சி.ஆர்.பி. ரிப்போர்ட்டில் எண்ணுக்கு அடுத்து முக்கியமானது ரத்தம் எடுத்த தேதியும் நேரமும். காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்பதை அதோடு சேர்த்துப் பார்த்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் வரும். அதனால்தான் ரத்தம் எடுக்கும்போது 'எத்தனை நாளா காய்ச்சல்?' என்று கேட்கிறோம்.

ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு ஒரு நாள் ஆச்சு, காய்ச்சல் விட்டுடுச்சு. ஆனா சி.ஆர்.பி. ஏறியிருக்கே?

முதல் நாளில் இது நடக்கும். மருந்து கிருமியைத் தடுக்கத் தொடங்கியிருந்தாலும் கல்லீரல் உடனே நிறுத்திவிடாது. ஊசியோ பாராசிட்டமாலோ காய்ச்சலை இறக்கிவிடும், சி.ஆர்.பி.யை அதனால் இறக்க முடியாது. ஆகவே காய்ச்சலும் எண்ணும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உற்பத்தி நின்றபின் ரத்தத்தில் இருப்பது சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகும். கணக்குப்படி 100 இருந்தது ஒரு நாளில் 42 அளவுக்கும், இரண்டு நாளில் 17 அளவுக்கும் வரலாம். நடைமுறையில் உற்பத்தி படிப்படியாகத்தான் குறையும், அதனால் இறக்கமும் இதைவிட மெதுவாக இருக்கும். இரண்டு மூன்று நாள் சரியான மருந்து எடுத்தும் இறங்கவே இல்லை, அல்லது ஏறிக்கொண்டே போகிறது என்றால் டாக்டர் மருந்தை மாற்ற யோசிப்பார், எங்காவது சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் தேடுவார். தினமும் எடுத்துப் பார்ப்பதால் வீட்டில் இருக்கும் நோயாளிக்குப் பலன் இல்லை. டாக்டர் சொல்லும் இடைவெளி போதும்.

அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னாங்க. ரெண்டாம் நாள் 140 காட்டுது. உள்ள சீழ் பிடிச்சுடுச்சா?

கத்தி பட்டதே உடம்புக்கு ஒரு காயம்தான். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாம், மூன்றாம் நாளில் சி.ஆர்.பி. உச்சத்தில் இருப்பது எதிர்பார்த்ததே. அதற்குப் பின் ஒவ்வொரு நாளும் இறங்க வேண்டும். மூட்டு மாற்று போன்றவற்றில் முழுக்க நார்மலாகச் சில வாரம் ஆகலாம். டாக்டர்கள் கவலைப்படுவது, இறங்கிய எண் நான்காம், ஐந்தாம் நாளுக்குப் பின் மறுபடி ஏறும்போது.

இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டுக்கும் காசு?

இரண்டும் அழற்சியைக் காட்டுபவை, ஆனால் வேகம் வேறு. இ.எஸ்.ஆர். என்பது ஒரு மணி நேரத்தில் குழாயில் சிவப்பணுக்கள் எவ்வளவு படிகின்றன என்ற அளவு. மெதுவாக ஏறி, நோய் போனபிறகும் வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும். வயது கூடினால் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், ரத்தசோகையில் ஏறும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இப்படி இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு இ.எஸ்.ஆர். 40 என்பதை மட்டும் வைத்து என்ன சொல்வது? அங்கே சி.ஆர்.பி. நார்மலாக இருந்தால் டாக்டர் முதலில் ஹீமோகுளோபினைப் பார்ப்பார்.

மூட்டு வலிக்கு எடுத்தோம். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், சி.ஆர்.பி. பாசிட்டிவ். அப்போ முடக்குவாதமா இல்லையா?

இந்த இரண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை; அது நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். சி.ஆர்.பி. ஏறுவது சிக்குன்குனியா வலியிலும் நடக்கும், யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டிலும் நடக்கும். காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாத இறுக்கம் ஒரு மணி நேரம்போல நீடிக்கிறதா, சின்ன மூட்டுகள் வீங்கியிருக்கின்றனவா என்பதுதான் டாக்டருக்கு வேண்டிய தகவல். முடக்குவாதம் என்று உறுதியானபின் சி.ஆர்.பி. வேறு வகையில் உதவும்: மருந்து கேட்கிறதா என்று மாதக்கணக்கில் பின்தொடர.

தங்கச்சிக்கு லூபஸ். உடம்பெல்லாம் வலி, இ.எஸ்.ஆர். 90, ஆனா சி.ஆர்.பி. 3. டாக்டர் நோய் அதிகமாயிருக்குங்கிறார். எப்படி?

டாக்டர் சொல்வது சரியாக இருக்கலாம். எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் நோயான லூபஸில், நோய் தீவிரமாக இருக்கும்போதும் சி.ஆர்.பி. பல சமயம் ஏறாது. நுரையீரல் உறை, இதய உறை அழற்சி இருந்தால், மூட்டுகள் வீங்கினால் ஏறலாம். அதனால் லூபஸ் உள்ளவருக்குத் திடீரென்று சி.ஆர்.பி. பெரிதாக ஏறினால், கிருமித் தொற்று வந்திருக்கிறதா என்று முதலில் தேடுவார்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் என்பதால் அந்தத் தேடலில் தாமதம் கூடாது.

பொறந்து ரெண்டு நாள்தான் ஆகுது, பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப ஊசி குத்தி சி.ஆர்.பி. எடுக்குறாங்க. ஏன்?

பெற்றவர்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி பரவினால் காய்ச்சல்கூட வராமல் போகலாம். பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பதே அறிகுறியாக இருக்கும். ஏறுவதற்கு நேரம் எடுக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் முதல் முறை நார்மல் என்பதை நம்பி விட்டுவிட முடியாது. பிரசவம் நீண்டிருந்தால் தொற்று இல்லாமலே கொஞ்சம் ஏறியும் இருக்கும். 24 முதல் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தும் நார்மலாகவே இருந்தால் தொற்று இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆன்டிபயாடிக்கைச் சீக்கிரம் நிறுத்த அந்த எண் உதவுகிறது. இரண்டாவது குத்து பெரும்பாலும் பிள்ளையை மருந்திலிருந்து விடுவிக்கத்தான்.

ஏழு மாசம். 9 இருக்கு. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

கர்ப்பத்தில் சி.ஆர்.பி. வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது சகஜம், பிரசவ வலியின்போது இன்னும் ஏறும். ரிப்போர்ட்டில் அச்சிட்ட வரம்பு கர்ப்பிணிகளுக்காகப் போட்டதல்ல. காய்ச்சல், நீர்க்கடுப்பு, பனிக்குட நீர்க் கசிவு இவற்றில் ஏதாவது இருந்தால் எண்ணைப் பற்றி யோசிக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மாஸ்டர் செக்கப்புல 'ஹை சென்சிடிவ் சி.ஆர்.பி.'ன்னு 3.4 வந்து சிவப்பு கலர்ல போட்டிருக்கு. 5க்குக் கீழதானே இருக்கு?

இது வேறு கேள்விக்கான பரிசோதனை. புரதம் அதே புரதம்தான், ஆனால் மிகச் சிறிய அளவுகளையும் துல்லியமாக அளக்கும் முறை. கேட்பது 'தொற்று இருக்கிறதா' என்று அல்ல, 'வருங்காலத்தில் மாரடைப்பு அபாயம் எவ்வளவு' என்று. அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையமும் 2003-ல் வகுத்தபடி 1-க்குக் கீழே குறைந்த அபாயம், 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். சிவப்பு அதனால்தான்.

சளியோ காய்ச்சலோ இருக்கும்போது இதை எடுப்பது வீண். 10-க்கு மேல் வந்தால் இதயக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளாமல், தொற்று ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். 2008-ல் வெளியான ஜூபிடர் ஆய்வில், கெட்ட கொழுப்பு டெசிலிட்டருக்கு 130 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தும் இந்த சி.ஆர்.பி. 2-ஓ அதற்கு மேலோ இருந்த 17,802 பேரில் ஒரு பாதியினருக்கு ரோசுவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அவர்களிடம் 44 சதவீதம் குறைந்தன. அதற்காக சி.ஆர்.பி.யே இதயத்தைக் கெடுக்கிறது என்று எண்ண வேண்டாம். மரபணு ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. பி.பி., சர்க்கரை, கொழுப்பு, புகை, குடும்ப வரலாறு இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று, அவ்வளவே.

ஒரு நோயும் இல்ல, ஆனா எப்ப எடுத்தாலும் 7, 8னே இருக்கு. எங்க தப்பு?

இடுப்பைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்புதான் பெரும்பாலும். கொழுப்புத் திசுவே இன்டர்லூகின்-6 சுரக்கும். அடுத்து பீடி, சிகரெட். பிறகு யாரும் நினைக்காத ஒன்று, பல் ஈறு: பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். கருத்தடை மாத்திரையும் ஏற்றும். முந்தின நாள் கடுமையாக ஓடியிருந்தாலும் ஏறும். இவற்றோடு எடை குறைதல், மாலைக் காய்ச்சல், தொடர் இருமல், மலத்தில் ரத்தம் ஏதாவது இருந்தால் டாக்டர் தீர விசாரிக்க வேண்டும்.

மஞ்சள் பால் குடிச்சா குறையுமா? வேற என்ன சாப்பிடணும்?

குடிப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் 80 இருக்கும்போது அதை நம்பி இருக்காதீர்கள். ஏறியதற்கான காரணம் போனால் எண் தானே இறங்கும். சென்ற கேள்வியில் சொன்ன மாதிரி நாள்பட்டு 7, 8 என்று நிற்பவர்களுக்கு எடை குறைப்பதும் புகையை விடுவதும் உண்மையாகவே பலன் தரும்.

கூகுள்ல பார்த்தேன், சி.ஆர்.பி. அதிகம்னா கேன்சர்னு இருக்கு.

சில புற்றுநோய்களில் ஏறும். ஆனால் ஏறியவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தொற்றோ அழற்சியோதான். சி.ஆர்.பி. கேன்சர் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல. எந்த டாக்டரும் அதற்காக எழுதுவதில்லை.

நார்மல்னு வந்துட்டா ஒண்ணுமில்லன்னு எடுத்துக்கலாமா?

பல சமயம் ஆம், எப்போதும் அல்ல. சீக்கிரம் எடுத்திருக்கலாம். நீர்க்கடுப்பு போன்ற சின்ன இடத்துத் தொற்று இதை ஏற்றாமலே இருக்கலாம். கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்குப் புரதம் தயாரிக்கும் சக்தியே குறைவு, பெரிய தொற்றிலும் எண் சின்னதாக வரும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் குறைத்துக் காட்டலாம். மூச்சுத் திணறல், குழறிய பேச்சு, சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடுதல் இருந்தால் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான்.

முடக்குவாதத்துக்கு டொசிலிசுமாப் ஊசி போட்டதிலேர்ந்து சி.ஆர்.பி. சுத்தமா இறங்கிடுச்சு. நல்லதுதானே?

ஊசி மூட்டுக்கு நல்லது செய்கிறதா என்பதை வீக்கமும் வலியும் சொல்லட்டும். எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த ஊசி தடுப்பது முதல் பதிலில் சொன்ன அதே இன்டர்லூகின்-6-ஐத்தான். கல்லீரலுக்குச் செய்தியே போகாது. நிமோனியா வந்தாலும் உங்கள் சி.ஆர்.பி. 1, 2 என்றே காட்டலாம், காய்ச்சல்கூடப் பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆகவே சளி, இருமல், புண் எது வந்தாலும் ஊசி எழுதிய டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். வேறு ஊரில் புது டாக்டரைப் பார்த்தால் ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் முதலில் சொல்லுங்கள். எங்களிடம் ரத்தம் கொடுக்கும்போதும் சொல்லுங்கள், சீட்டிலேயே குறித்து அனுப்புகிறோம்.